நண்பர் போனபின் ரீஸ்டோர் செய்வது யார்? சொந்த சர்வரா, கிளவுட் டேட்டாபேஸா என்று கேட்ட திருப்பூர் வாசகருக்கு

கேள்வி: வணக்கம் சார். திருப்பூரில் மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஒரு சாப்ட்வேர் கம்பெனி நடத்துகிறோம். நிட்டிங், டையிங், ஸ்டிச்சிங் யூனிட்டுகளுக்கு ஜாப் ஒர்க் கணக்கு, வாரக் கூலி, ஜிஎஸ்டி பில் எல்லாம் போடும் சாப்ட்வேர். 140 கஸ்டமர்கள். அப்ளிகேஷன், டேட்டாபேஸ் இரண்டும் ஒரே வாடகை சர்வரில் இருக்கின்றன, ஆபரேட்டிங் சிஸ்டம் உபுண்டு லினக்ஸ் 18.04, டேட்டாபேஸ் சாப்ட்வேர் போஸ்ட்கிரஸ் 12, டேட்டா 60 ஜிபி. மாத வாடகை 6,500 ரூபாய். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் இரண்டு மாதத்தில் பெங்களூரு வேலைக்குப் போகிறார். டேட்டாபேஸை அமேசானே பராமரித்துத் தரும் ஆர்டிஎஸ் என்ற கிளவுட் சேவையை விசாரித்தோம், டேட்டாபேஸுக்கு மட்டும் மாதம் 19,000 வரும் போலிருக்கிறது. இன்னொரு பார்ட்னர், "ஓப்பன் சோர்ஸ் சும்மா கிடைக்கும்போது எதற்குக் காசு, உபுண்டுவை மட்டும் புதுப்பித்துவிட்டு இப்படியே ஓட்டலாம்" என்கிறார். எனக்கு எஸ்க்யூஎல் நன்றாகத் தெரியும், லினக்ஸ் அவ்வளவாகத் தெரியாது. பேக்கப் தினமும் இரவு ஓடுகிறது. எது சரி?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, "பேக்கப் தினமும் இரவு ஓடுகிறது" என்பது. ஓடுகிறது, சரி. அந்த பேக்கப்பை வைத்து ஒரு காலி சர்வரில் டேட்டாபேஸை யாராவது எழுப்பி, அதாவது ரீஸ்டோர் செய்து, பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் எப்போது, எத்தனை மணி நேரம் ஆனது, அன்றைக்கு உட்கார்ந்து செய்தது யார்? இதற்குப் பதில் தெரியாது என்றால் மாதம் 6,500 என்று நீங்கள் எழுதியிருப்பது வெறும் வாடகைதான். மீதிச் செலவை இத்தனை வருடமாக உங்கள் நண்பர் தன் தூக்கத்தில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார், அவர் போகும்போது அந்தக் கணக்கு உங்கள் பக்கம் வருகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் டேட்டாபேஸை கிளவுட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். போகும்போது சாதாரண போஸ்ட்கிரஸாகவே போவேன், தினமும் ஒரு நகல் வேறொரு நிறுவனத்தின் இடத்தில் என் பெயரில் இருக்கும்படியும் பார்த்துக்கொள்வேன். பார்ட்னர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன். ஆனால் உபுண்டுவை மட்டும் புதுப்பித்துவிட்டு ஓட்டலாம் என்ற அந்த யோசனையை மட்டும் தயவுசெய்து இன்றைக்கே நிறுத்தி வையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பார்ட்னரிடம் ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். ஆர்டிஎஸ்ஸில் ஓடுவதும் அதே போஸ்ட்கிரஸ்தான். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் ஆரம்பித்து, 1996-இல் இப்போதைய பெயரை வாங்கி, இன்றுவரை எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமாகாமல் இருக்கிற அதே சாப்ட்வேர். ஆகவே நீங்கள் ஓப்பன் சோர்ஸை விட்டுவிட்டு வேறெங்கோ போகவில்லை. அதை ஓட்டும் வேலையை யாருக்குக் கொடுப்பது என்றுதான் யோசிக்கிறீர்கள். டேட்டாவைச் சேமிக்கவும் தேடவும் பயன்படும் வேறு சாப்ட்வேர்களான மோங்கோடிபி 2018-லும், எலாஸ்டிக்சர்ச் 2021-லும், ரெடிஸ் 2024-லும் உரிமத்தை மாற்றியபோது பல குழுக்கள் அவசரமாக மாற்று தேட வேண்டி வந்தது. போஸ்ட்கிரஸில் அப்படி மாற்றச் சொல்லி முடிவெடுக்கும் ஒற்றை முதலாளி இல்லை. நாளைக்கு ஆர்டிஎஸ் பிடிக்கவில்லையென்றால் டம்ப், அதாவது டேட்டாபேஸ் முழுவதையும் பைலாக எடுத்த நகல், எடுத்துக்கொண்டு வெளியே வரலாம். இந்த வசதிக்காகத்தான் சாதாரண போஸ்ட்கிரஸாகவே போங்கள் என்கிறேன். அமேசானின் இன்னொரு டேட்டாபேஸ் சேவையான அரோரா போன்றவை நல்லவைதான், ஆனால் அடியில் இருக்கும் ஸ்டோரேஜ் அமேசானுடைய சொந்தத் தயாரிப்பு, 60 ஜிபிக்கு அது தேவையே இல்லை.

இப்போது பேக்கப். புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள், டேட்டாபேஸ் பக்கம் வேலை செய்கிற எல்லோரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களும் போஸ்ட்கிரஸைச் சொந்தமாகத்தான் நடத்தினார்கள். இரண்டாவது சர்வருக்கு நகல் போவதில் சிக்கல், ராத்திரி வெகுநேரமாகச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், இரண்டாவது சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரியை, அதாவது டேட்டாபேஸின் பைல்கள் இருக்கும் போல்டரை, அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினார்கள். தினசரி டம்ப் போக வேண்டிய இடம் காலியாக இருந்தது, சர்வர் 9.6 பதிப்பு, டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, அதனால் ஒவ்வொரு முறையும் அது தோற்றுப்போயிருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும் போய்ச் சேரவில்லை, மெயில் சர்வர் அவற்றைத் தள்ளிவிட்டது. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரம் முன்பு வேறு ஒரு சோதனைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டிஸ்க்கின் நகல். அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான்.

இதில் யாரையும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நம்மைவிடப் பெரிய குழு, திறமையான ஆட்கள், அவர்களிடமும் பேக்கப் "ஓடிக்கொண்டுதான்" இருந்தது. குறித்த நேரத்தில் தானாக ஓடும் உங்கள் க்ரான் வேலை தினமும் ஒரு பைலை உண்டாக்குகிறது என்பது மட்டும்தான் இப்போது உங்களுக்குத் தெரிந்த உண்மை. அந்த பைலின் சைஸ் போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா, அது அதே சர்வரின் அதே டிஸ்க்கில் கிடக்கிறதா வெளியே போகிறதா, இதையெல்லாம் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

எனக்கே நடந்த ஒன்றும் உண்டு. பல வருடங்களுக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்துக்கு டேட்டாபேஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு விடியற்காலை போன். டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுவிட்டது. இரவுப் பணியில் இருந்த பையன் இடம் பிடித்திருப்பது எது என்று தேடியிருக்கிறான், டேட்டா டைரக்டரிக்குள் பிஜி எக்ஸ்லாக் (pg_xlog) என்று ஒரு போல்டர், உள்ளே 16 எம்பி அளவில் வரிசையாக நூற்றுக்கணக்கான பைல்கள். பெயரில் லாக் என்று இருக்கிறதே, பழைய லாக்தானே என்று பாதியை அழித்துவிட்டு சர்வரை மறுபடி எழுப்பப் பார்த்திருக்கிறான். அது எழவில்லை. அந்த பைல்கள் சாதாரண லாக் இல்லை. டேட்டா டிஸ்க்கில் பதியும் முன் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கிற பதிவேடு, அது இல்லாமல் போஸ்ட்கிரஸால் தன் கணக்கைத் தானே சரிபார்க்க முடியாது. இரண்டு நாள் பழைய பேக்கப்புக்குப் போனோம். நடுவில் வந்த பில்களை ஆறு பேர் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்து மறுபடி அடித்தார்கள். அந்தப் பையன்மீது எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தர வேண்டியவர்களில் நானும் ஒருவன். இந்தத் தவறை உலகமெங்கும் பலர் செய்ததால்தான் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் அந்த போல்டரின் பெயரையே பிஜி வால் (pg_wal) என்று மாற்றினார்கள். சொந்த சர்வர் என்றால் இந்த மாதிரி விஷயங்கள் தெரிந்த ஆள், குறைந்தது இரண்டு பேர், எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உங்களிடம் இருந்தது ஒருவர், அவரும் போகிறார்.

சரி, உபுண்டு விஷயம். 18.04-க்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. போஸ்ட்கிரஸ் 12-க்கும் 2024 நவம்பரோடு திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆகவே இரண்டையும் மாற்றித்தான் ஆக வேண்டும், பார்ட்னர் சொல்வது அதுவரை சரி. ஆனால் டேட்டா டைரக்டரியை அப்படியே வைத்துக்கொண்டு அடியில் உபுண்டுவை மட்டும் 20.04-க்கோ 22.04-க்கோ ஏற்றினால் வேறு ஒரு ஆபத்து இருக்கிறது. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்ற விதியை போஸ்ட்கிரஸ் வழக்கமாக லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்திடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. அந்த நூலகத்தின் 2.28 பதிப்பில் இந்த விதிகள் பெரிய அளவில் மாறின. 18.04-இல் இருப்பது 2.27. நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டப் போகிறீர்கள்.

உங்கள் பில் நம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். "1-1" என்று ஒன்று, "11" என்று ஒன்று. பழைய விதியில் 11 முதலில் வரும், 1-1 அப்புறம். புதிய விதியில் 1-1 முதலில். இண்டெக்ஸ், அதாவது வேகமாகத் தேடுவதற்கு டேட்டாபேஸ் வைத்திருக்கும் அட்டவணை, பழைய வரிசைப்படி கட்டப்பட்டிருக்கும், தேடுகிறவர் புதிய வரிசைப்படி தேடுவார். பில் டேபிளில் இருக்கும், தேடினால் இல்லை என்று வரும். இல்லை என்று நினைத்து மறுபடி போடுவார்கள், ஒரே நம்பர் இரண்டாம் முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடும் அதே இண்டெக்ஸைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது என்பதால் அதுவும் அனுமதித்துவிடும். எரர் எதுவும் வராது. இரண்டு மாதம் கழித்து ஒரு டையிங் யூனிட் ஓனர் கணக்கு இடிக்கிறது என்று கூப்பிடும்போதுதான் தெரியும். இதைத் தவிர்க்க, எழுத்து வகை இண்டெக்ஸ் எல்லாவற்றையும் மறுபடி கட்ட (ரீஇண்டெக்ஸ் செய்ய) வேண்டும், அல்லது டம்ப் எடுத்து புதிய இடத்தில் ரீஸ்டோர் செய்ய வேண்டும். ரீஸ்டோர் செய்யும்போது இண்டெக்ஸ் புதிதாகவே கட்டப்படுவதால் இந்தப் பிரச்சினை கிடையாது. எங்கே போவதாக முடிவெடுத்தாலும் இரண்டாவது வழியில் போங்கள்.

காசுக் கணக்கு. நீங்கள் 19,000-க்கும் 6,500-க்கும் இடையில் ஒப்பிடுகிறீர்கள், அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. டேட்டாபேஸ் வெளியே போனாலும் அப்ளிகேஷனுக்கு ஒரு சின்ன சர்வர் வேண்டும். அதற்கு ஒரு 5,000 வைத்தால் மொத்தம் 24,000, இப்போதைய செலவைவிட 17,500 கூடுதல். 140 கஸ்டமருக்குப் பிரித்தால் ஆளுக்கு மாதம் 125 ரூபாய். சனிக்கிழமை சாயங்காலம் கூலி போடும் நேரத்தில் சிஸ்டம் நின்றால் ஒரு யூனிட்டில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு சனிக்கிழமையைக் காப்பாற்ற மாதம் 125 கூடக் கேட்டால் பெரும்பாலான ஓனர்கள் கொடுப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள்.

அந்த 19,000-இல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குச் சொன்ன மெஷின் டி வகையா என்றும் கேளுங்கள். டி வகை மெஷினில் சிபியுவுக்குக் கிரெடிட் கணக்கு உண்டு, தொடர்ந்து அதிகமாக ஓடிக் கிரெடிட் தீர்ந்தால் ஆர்டிஎஸ் மெஷினை மெதுவாக்காமல் கூடுதல் காசு போடும். உங்களுக்கு சனிக்கிழமையும் ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாளான 11-ஆம் தேதியும்தான் கூட்டம், அதனால் டி வகையே போதும் என்று நினைக்கிறேன், ஆனால் முதல் மாதம் அந்தக் கிரெடிட் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கிராபைத் தினமும் பாருங்கள். டிஸ்க்கை 100 ஜிபியில் ஆரம்பியுங்கள். பின்னால் கூட்டுவது ஒரு நிமிட வேலை, குறைப்பது அப்படியில்லை. ஒரு வருடம், மூன்று வருடம் என்று முன்கூட்டி ஒப்புக்கொண்டால் விலை நன்றாகக் குறையும், ஆனால் முதல் மூன்று மாதம் அந்தப் பக்கம் போக வேண்டாம், உங்களுக்கு எவ்வளவு பெரிய மெஷின் வேண்டும் என்று இன்னும் தெரியாது. ஆர்டிஎஸ்தான் வேண்டும் என்றும் இல்லை. டிஜிட்டல்ஓஷனுக்குப் பெங்களூரில் மையம் இருக்கிறது, அங்கேயும் அவர்களே பராமரிக்கும் போஸ்ட்கிரஸ் கிடைக்கும், விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே போனாலும் பழைய 12-ஐ அப்படியே கொண்டுபோகாதீர்கள், ஆதரவு முடிந்த பதிப்புக்கு ஆர்டிஎஸ் தனியாகக் கட்டணம் போடும். நேராக 17-க்குப் போங்கள்.

அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது? எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: கடந்த நாட்களில் எந்த நேரத்துக்கு வேண்டுமானாலும், ஏறக்குறைய ஐந்து நிமிடம் முன்பு வரை, டேட்டாபேஸைத் திரும்ப எழுப்பும் வசதி. எத்தனை நாள் என்பதை அதிகபட்சம் 35 வரை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், வாரக் கூலி கணக்கு என்பதால் 15 நாளாவது வையுங்கள். உங்கள் டீமில் யாராவது எந்த வரிகளை அழிப்பது என்று சொல்லும் WHERE நிபந்தனை இல்லாமல் ஒரு டெலீட் கொடுத்துவிட்டால் காப்பாற்றுவது இதுதான். இரண்டாவது சர்வரில் நகல் ஓடினால் போதாதா என்று கேட்பீர்கள், போதாது, அந்த டெலீட்டும் அடுத்த நொடியே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். இன்னொரு கட்டடத்தில் தயாராக ஒரு நகலை வைத்திருக்கும் மல்டி ஏஇசட் வசதிக்கு ஏறக்குறைய இரட்டிப்பு விலை. மெஷின் பழுதானால் ஓரிரு நிமிடத்தில் மாறிக்கொள்ளும், நல்ல வசதிதான், ஆனால் உங்களுக்கு இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

நேரத்தைப் பின்னோக்கி ரீஸ்டோர் செய்யும்போது பலர் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. பழைய டேட்டாபேஸ் அப்படியே இருக்கும், பக்கத்தில் புதிதாக ஒன்று வேறு முகவரியோடு எழும். அப்ளிகேஷனை அந்தப் புதிய முகவரிக்கு மாற்றுவது உங்கள் வேலை. எழுந்த உடனே வேகமாகவும் இருக்காது, ஒவ்வொரு பகுதியையும் முதல் முறை தொடும்போதுதான் பின்னாலிருந்து இழுத்து வரும். இதை ஒரு சாதாரண புதன்கிழமை மதியம் ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள், சனிக்கிழமை சாயங்காலம் முதல் தடவையாகச் செய்யாதீர்கள்.

கிளவுட்காரர் செய்யாதவையும் நிறைய. மெதுவான க்வெரி, அதாவது டேட்டாபேஸிடம் அப்ளிகேஷன் கேட்கும் கேள்வி, அங்கேயும் மெதுவாகத்தான் ஓடும், விட்டுப்போன இண்டெக்ஸை அவர் போடமாட்டார். அப்ளிகேஷனை இப்போதைய சர்வரிலேயே விட்டுவிட்டு டேட்டாபேஸை மட்டும் அமேசானின் மும்பை மையத்துக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு க்வெரிக்கும் போய் வரும் நேரம் சேரும். 15 மில்லிசெகண்ட் என்று வைத்தாலும், 80 க்வெரி ஓடும் ஒரு ஜாப் ஒர்க் ரிப்போர்ட் பக்கத்துக்கு 1.2 நொடி கூடும், அடுத்த நாளே கஸ்டமர் கேட்பார். இரண்டையும் ஒரே ஊர் மையத்துக்குக் கொண்டுபோங்கள். வெளி இணையத்திலிருந்து டேட்டாபேஸைத் தொட முடியாதபடி மூடுங்கள், தவறுதலாக அழிப்பதைத் தடுக்கும் டெலீஷன் புரொடெக்‌ஷன் டிக்கைப் போடுங்கள். உங்களிடம் தொழிலாளிகளின் போன் நம்பரும் பேங்க் கணக்கும் இருக்கின்றன. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது, டேட்டா கிளவுட்டில் இருப்பதால் பொறுப்பு கிளவுட்காரரிடம் போய்விடாது.

வேறு இடத்தில் ஒரு நகல் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கூகுள் கிளவுட் அமைப்பு, கூகுள் பக்கம் நடந்த ஒரு அமைப்புத் தவறால் அழிந்துபோனது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. மீண்டு வருவதற்கு வேறொரு நிறுவனத்திடம் அவர்கள் வைத்திருந்த பேக்கப்பும் உதவியது. உங்களுக்கு அந்த அளவு ஏற்பாடு வேண்டாம். தினமும் இரவு ஒரு டம்ப், என்கிரிப்ட் செய்து, வேறு நிறுவனத்தின் ஸ்டோரேஜில், வேறு லாகினில். 60 ஜிபி டேட்டாபேஸ் சுருக்கினால் அதில் ஒரு பகுதிதான் வரும், பெரிய செலவு ஆகாது.

மாற்றுவதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம், யூனிட்டுகள் மூடியிருக்கும். இந்த அளவு டேட்டாவுக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே நகலெடுக்கும் நேரடி ரெப்ளிகேஷன் எல்லாம் தேவையில்லை. அப்ளிகேஷனை நிறுத்தி, 17-ஆம் பதிப்பின் கருவியால் டம்ப் எடுத்து, நாலு ஜாப் இணையாக ஓடவிட்டு ரீஸ்டோர் செய்து, க்வெரிகள் வேகமாக ஓடத் தேவையான புள்ளிவிவரத்தைச் சேர்க்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டிவிட்டுத் திறக்கலாம். முந்தைய ஞாயிறு ஒரு ஒத்திகை பாருங்கள், எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அன்றே தெரிந்துவிடும். பழைய சர்வரை ஒரு மாதம் வைத்திருங்கள், ஆனால் அதில் யாரும் எழுத முடியாதபடி.

எல்லோருக்கும் நான் இதே பதிலைச் சொல்லமாட்டேன். லினக்ஸும் போஸ்ட்கிரஸும் தெரிந்த இரண்டு பேர் உங்களிடம் இருந்தால், டேட்டா டெராபைட் கணக்கில் போய் கிளவுட் பில் ஒரு ஆளின் சம்பளத்தைத் தாண்டினால், ஆர்டிஎஸ்ஸில் அனுமதிக்காத எக்ஸ்டென்ஷன் (போஸ்ட்கிரஸோடு கூடுதலாகச் சேர்க்கும் வசதி) ஏதாவது தேவைப்பட்டால், சொந்தமாக நடத்துங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். நானே அப்படிப் பல இடங்களில் நடத்திக் கொடுத்திருக்கிறேன், நன்றாக ஓடுகின்றன. உங்கள் நண்பர் இத்தனை வருடம் 140 பேரின் கணக்கை ஒற்றை ஆளாகக் காப்பாற்றியிருக்கிறார், அது சாதாரண வேலை இல்லை.

அவர் இருக்கும் இந்த இரண்டு மாதத்தை வீணாக்காதீர்கள். வரும் சனிக்கிழமை முடிந்ததும் ஒரு காலி சர்வர் எடுங்கள், மணிக்கணக்குக்குத்தான் காசு. அவர் பக்கத்தில் உட்காரட்டும், கீபோர்டு உங்கள் கையில் இருக்கட்டும். நேற்று இரவு எடுத்த பேக்கப்பை வைத்து நீங்களே டேட்டாபேஸை எழுப்புங்கள், அவரைக் கேட்க வேண்டி வந்த ஒவ்வொரு இடத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுந்ததும் ஒரு கஸ்டமரின் போன வாரக் கூலி மொத்தத்தை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த நோட்டைப் பார்ட்னரிடம் காட்டினால், 19,000 வேண்டுமா வேண்டாமா என்று அவரே சொல்லிவிடுவார். பேக்கப்பை என்கிரிப்ட் செய்யும் சாவி உங்கள் நண்பருடைய லேப்டாப்பில் மட்டும் இருக்கிறதா என்பதை மட்டும் சனிக்கிழமை வரை தள்ளாமல் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.